நாளொரு மேனியாக ஒரு ஃபைல்

அக்காவின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவன் என்று எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அபாண்டம். ஒரு ஃபைல் நல்லதா கெட்டதா என்று பார்த்தேன், அவ்வளவுதான். தொண்ணூறுகளிலிருந்து இதை விளக்கிக்கொண்டிருக்கிறேன், கேட்பார் இல்லை.

மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. தி. நகரில் ஒரு பாத்திரக்கடை மாடியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்ததால் நான்தான் வீட்டின் நிபுணன். (பாதி நாள் கரண்ட் இருக்காது. கரண்ட் இருக்கிற நாளில் மாஸ்டர் இருக்கமாட்டார்.) உருப்படியான வேலை எதுவும் எனக்கு அந்த மெஷினில் கிடையாது. அதனால் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பதையே வேலையாக வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் அது கண்ணில் பட்டது. 'வின் 386' என்று பெயர். வாலில் எஸ், டபிள்யூ, பி என்று மூன்று எழுத்து. சத்தியமாக நான் போட்டதில்லை. இருந்ததிலேயே பெரிய ஃபைல் அதுதான். மறுநாள் பார்த்தால் இன்னும் பெரிதாகியிருந்தது. சாயங்காலம் பார்த்தால் இளைத்திருந்தது. திறக்கப் போனால் மெஷின் விடவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமெல்லாம் இல்லை, என்னவாக இருக்கும் என்கிற குறுகுறுப்பு.

வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"யாரும் எதுவும் போடலையேடா, அப்பறம் எப்படி அது குண்டாறது?" என்றாள் கீதா அக்கா. நியாயமான கேள்வி.

"அழிச்சுத் தொலையேன்" என்றார் அப்பா.

விண்டோஸை விட்டு வெளியே வந்து, கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, அழித்தேன். மறுநாள் காலையில் அதே இடத்தில், அதே பெயரில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அன்று முதல் அப்பா அந்த மேஜைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார்.

கோடம்பாக்கத்தில் எனக்கு பாஸ்கர் என்று ஒரு நண்பன். சினிமா போஸ்டர்களுக்குக் கம்ப்யூட்டரில் எழுத்து போடுகிறவன். அவனிடம் இல்லாத ஃப்ளாப்பி கிடையாது. வைரஸ் பிடிக்கிற ஃப்ளாப்பி ஒன்றைத் தேடி எடுத்தான்.

"இத்த உள்ள போட்டுட்டு மெஷின ஆன் பண்ணு மச்சி. இன்னா வைரஸ் கீதுன்னு அதுவே சொல்லிடும்."

"இது எங்கேர்ந்து வந்தது?"

"யாரோ குட்த்தாங்க. ஊரே இத்தத்தான் போட்டுக்கினு கீது."

ஊரே போட்டுக்கொண்டிருந்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். (ஒரு ஃபைலை அந்தப் பாடு படுத்தியவன் இதை மட்டும் மறுபேச்சில்லாமல் வாங்கினேன் பாருங்கள். நிபுணன்!)

எங்கள் மெஷினில் போட்டேன். வைரஸ் எதுவும் இல்லை என்றது. எனக்குத் திருப்தி இல்லை. இன்னொரு கம்ப்யூட்டரிலும் அந்த ஃபைல் இருக்கிறதா என்று பார்த்தால்தான் மனசு ஆறும். எங்களுக்குத் தெரிந்து இன்னொரு கம்ப்யூட்டர் அடையாறில் முரளி வீட்டில்தான் இருந்தது.

முரளி, அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போன பையன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில் மெஷின் பாகங்களுக்கு டிராயிங் போடுகிற இன்ஜினியர். மிச்ச வேலையை வீட்டிலும் உட்கார்ந்து வரைவார். பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனவர்களிடமிருந்து பதிலே காணோம். நாமாகப் போய்க் கேட்டால் கௌரவம் என்னாவது என்று அம்மா தவித்துக்கொண்டிருந்தாள். என் ஃபைல் அவளுக்கு வரப்பிரசாதமாக வாய்த்தது.

"ஃபைலைப் பாக்கற மாதிரி போ. அவா மனசுல என்ன இருக்குன்னும் பாத்துண்டு வா."

அடையாறில் முரளி என்னைவிட ஆர்வமாகிவிட்டார். அவர் அந்த ஃபைலைப் பார்த்ததே இல்லையாம். தேடினோம்.

"அட, இங்கயும் இருக்கே!" என்று கிட்டத்தட்டக் குதித்தார். பிறகு யோசித்தார். "ஒண்ணு, இது நல்ல ஃபைலா இருக்கணும். இல்லேன்னா ரெண்டு பேரும் மாட்டிண்டிருக்கோம்."

"டெஸ்ட் பண்ணிடலாம் சார்" என்று ஃப்ளாப்பியை எடுத்துச் சொருகி, மெஷினை அணைத்துப் போட்டேன். வைரஸ் இல்லை என்று வந்தது. இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டோம். அவர் அம்மா அடை போட்டார். அதையும் ஒரு கை பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள்.

"என்னடா சொன்னா?"

"அவாத்துலயும் இருக்கும்மா!"

அம்மா பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அந்த வாரக் கடைசியில் எங்கள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. போட்டால் கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது. பாஸ்கருக்குப் போன் செய்தேன். "என்னுதும் பூட்ச்சு மச்சி" என்றான். போனை வைத்த கையோடு அது மணியடித்தது. அப்பா எடுத்தார். எதிர்முனையில் முரளியின் அப்பா.

"உங்க பையன் வந்துட்டுப் போனதுலேர்ந்து முரளியோட கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. டிராயிங் எல்லாம் அதுக்குள்ள மாட்டிண்டிருக்கு. என்னதான் பண்ணிட்டுப் போனான்?"

அப்பா போனிலேயே மன்னிப்பு கேட்டார். அம்மா சமையலறையில் மூக்கைச் சிந்தினாள். அக்கா என்னைத் திட்டவில்லை. "எனக்கு அவரைப் பிடிச்சிருந்துதுடா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் அக்கா யாரையும் கேட்காமல் ஹாலுக்கு வந்து அடையாறுக்குப் போன் போட்டாள். பெண் வீட்டிலிருந்து பெண்ணே பேசுவதாவது! அப்பா பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். எடுத்தது முரளி. அக்கா மன்னிப்பு கேட்டாள், அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள், பிறகு சிரித்தாள். இன்னும் சிரித்தாள். அம்மா குக்கரை அணைத்துவிட்டு வந்து நின்றாள். ஒரு வழியாகப் போனை வைத்துவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அவர் ஆபீஸ்ல விசாரிச்சுட்டாராம். மெமரி பத்தலேன்னா மெஷின் தானே மிச்சத்தை எடுத்து வெச்சுக்கற இடமாம் அந்த ஃபைல். அதனாலதான் குண்டாறது, இளைக்கறது. அது ஒரு பாவமும் பண்ணலை. வைரஸ் உன் ஃப்ளாப்பிலதான் இருந்திருக்கு. நீதான் வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுத்திருக்கே."

எல்லோருக்கும் ஒரே ஊசியைப் போட்ட டாக்டர் மாதிரி நின்றேன்.

"அப்பறம்?" என்றாள் அம்மா. அவள் கேட்டது ஃபைலைப் பற்றி அல்ல.

"என்னோட ஒரு தடவை பேசணும்னு இருந்தாராம். எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம பதில் சொல்லாம இருந்தாராம். இப்ப பேசியாச்சாம்." அக்கா உள்ளே ஓடிவிட்டாள்.

அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயதாம்பூலம் நடந்தது. மாப்பிள்ளை கண்கள் சிவந்து, கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழிந்துபோன டிராயிங்குகளை எல்லாம் மறுபடி வரைந்துகொண்டிருந்தார், பாவம்.

போன வருஷம் மயிலாப்பூரில் அவர்கள் பெண்ணுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் கைகூப்பி எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்த முரளி அத்திம்பேர், என்னைக் கண்டதும் நிறுத்தி, சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து, "ஒண்ணும் இல்லை, உள்ள போகலாம்" என்றார். புது சம்பந்தி விழித்தார். அவருக்கு முழுக் கதையையும் சொன்னார்கள். அத்திம்பேர் பாதி, அக்கா பாதி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளைப் பையன் மட்டும் சிரித்துக்கொண்டே, வரவேற்பு மேஜைமேல் என் கைக்குப் பக்கத்தில் கிடந்த தன் போனை எடுத்து, எனக்கு எட்டாத பக்கத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.