உள்ளே விடாத ரெண்டு இன்ச்

ஊரில் எல்லாருடைய ஜாக்கெட்டிலும் பின்னால் உடம்பு பெருத்தால் பிரித்துக்கொள்ளப் பக்கத்துக்கு ரெண்டு இன்ச் துணி உள்ளே விட்டுத் தைக்கிற நான், என் ஜாக்கெட்டுகளில் மட்டும் அதை வெட்டி எறிந்தேன். மயிலாப்பூரில் இருபது வருஷம் தையல் மெஷினை மிதித்தவள் செய்கிற காரியமா இது? (எட்டாவதோடு நின்றவள்தான். ஆனால் இன்ச் டேப் படிக்கத் தெரியும்.)

எல்லாம் அந்த எடை குறைக்கிற ஊசியால் வந்தது. வாராவாரம் போட்டுக்கொண்ட பத்து மாதமும் பசி என்கிற ஆளே வீட்டில் இல்லை. பஜ்ஜி வாசனை மூக்கு வரை வந்து, விலாசம் மாறிவிட்டது என்பது போலத் திரும்பிப் போகும். இடுப்பு இளைத்தது கூடப் பெரிதில்லை. அந்த அமைதிக்குத்தான் இன்றைக்கும் ஏங்குகிறேன்.

வயிறு ஒத்துக்கொள்ளாமல் டாக்டரம்மாவே ஊசியை நிறுத்தினார். "பசி திரும்ப வரும்மா. அது உங்க தப்பில்ல. நடங்க, பருப்பு, முட்டை சேருங்க, மாசாமாசம் வந்து காட்டுங்க" என்றார். முதல் வாக்கியம் மட்டும்தான் என் காதில் ஏறியது. அன்று ராத்திரி முழுக்கக் கவலை. உள்ளே துணி இருந்தால்தானே உடம்புக்குத் திரும்பி வரத் தைரியம் வரும்? காலையில் கத்தரியை எடுத்துவிட்டேன்.

"இன்னா கலா, அது பாட்டுக்குக் கீது. துணி உன்னாண்ட சோறா கேக்குது?" என்றார் வீட்டுக்காரர்.

நாலு மாதத்தில் மகள் பவானியின் நிச்சயதார்த்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பட்டு ஜாக்கெட்டின் கொக்கிகளை மாட்டினேன். தட்டு மாற்றும் நேரம். எதிரே அசோக் நகர் சம்பந்தியம்மா. தேங்காயும் பழமும் அடுக்கிய தட்டை நீட்டினேன்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க" என்றார் போட்டோக்காரர்.

தூக்கினேன். அக்குளிலிருந்து இடுப்பு வரை 'டர்ர்'.

சட்டென்று கையை விலாவோடு ஒட்டிக்கொண்டேன். தட்டும் கூடவே வந்துவிட்டது. சம்பந்தி இழுத்தார். நான் விடவில்லை. மறுபடி இழுத்தார். தேங்காய் உருண்டது. மாப்பிள்ளை எழுந்தே விட்டார். பவானியின் கண் நிறைந்துவிட்டது. அவள் கல்யாணமே என் அக்குளில் மாட்டிக்கொண்டு நின்றது.

சம்பந்தி குனிந்து மெல்லக் கேட்டார். "இன்னா சம்பந்தி, பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லையா?"

"ஐயோ, ஜாக்கெட் கிழிஞ்சிடுச்சி சம்பந்தி."

அவர் முகம் அசையவில்லை. பவானிக்கென்று கொண்டுவந்த பட்டுப்புடவையைத் தன் தட்டிலிருந்து எடுத்து என் தோளில் போர்த்தினார். அப்புறம்தான் தட்டு கை மாறியது.

"உள்ள துணி இருக்குமே, பிரிச்சிக்கலாம்" என்றார் ஆறுதலாக.

"வெட்டிட்டேன்."

அப்போது சிரிக்க ஆரம்பித்தவர்தான், இன்னும் நிறுத்தவில்லை.

இன்றைக்கும் இரண்டு வீட்டிலும் யாராவது சாம்பார் கிண்ணத்தை நீட்டக் கொஞ்சம் தாமதித்தால் போதும், "இஷ்டம் இல்லையா, ஜாக்கெட் கிழிஞ்சிடுச்சா?" என்று கேட்டுவிடுவார்கள்.

என் ஜாக்கெட்டில் இப்போது மூணு இன்ச் உள்ளே. டாக்டரம்மாவிடம் மாசாமாசம் போகிறேன். சாயந்திரம் பெசன்ட் நகர் கடற்கரையில் நானும் சம்பந்தியும் நடக்கிறோம். போன வாரம் பஜ்ஜிக் கடைக்காரம்மா சூடாக ஒரு மிளகாய் பஜ்ஜியை நீட்டினார். என் கை விலாவோடு ஒட்டிக்கொண்டது.

"இன்னா சம்பந்தி, இஷ்டம் இல்லையா?"

"இஷ்டம்தான் சம்பந்தி. அதான் கையத் தூக்கல."