வடை வாங்கிக் குடுத்து வண்டிய வழியனுப்பி வச்சேன்

இன்னைக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. அத்தானோட பைக்க விக்கணும்.

அத்தான்னா என் அக்கா வீட்டுக்காரரு. கத்தார்ல இருக்காரு. போன மாசம் லீவுல வந்தவரு, வண்டி விக்கறதுக்கான பாரத்துல எல்லாம் கையெழுத்து போட்டு, ஆர்.சி. புக்கையும் சாவியையும் என் கையில குடுத்தாரு. ஏர்போர்ட் வாசல்ல வச்சு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு.

"மாப்ள, வெல கொஞ்சம் கொறைஞ்சாலும் பரவால்ல. முன்ன பின்ன தெரியாத ஆளு கையில மட்டும் சாவிய குடுத்துறாத. என் சொந்தக் காசுல வாங்குன மொத வண்டிடா அது."

"என்கிட்ட போயி இதச் சொல்றீங்களே அத்தான்!"னு சிரிச்சேன்.

சிரிச்சதுக்குக் காரணம் இருக்கு. எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்புல தெனம் காலையில ஆன்லைன் மோசடி பத்தி எச்சரிக்கை போடற ஆளே நான்தான். கீரமங்கலத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஊர்ல யாருக்கு என்ன மெசேஜ் வந்தாலும், இது நெசமா டுபாக்கூரான்னு கேட்டு என் கடைக்குத்தான் வருவாங்க.

அவ்வளவு உஷாரு!

போன வாரமே ஆன்லைன்ல வெளம்பரம் போட்டேன். நம்பர் பிளேட்ட மறைச்சு போட்டோ. வீட்டு அட்ரஸ் கெடையாது. அரை மணி நேரத்துல மெசேஜ் குவிய ஆரம்பிச்சிருச்சு.

ஒருத்தரு "லாஸ்ட் பிரைஸ்?"னாரு. வணக்கம் கூட இல்ல.

இன்னொருத்தரு, "ரெண்டு வெள்ளாடு தாரேன், மாத்திக்குவீங்களா?"ன்னாரு. பொய் சொல்லல, ஒரு நிமிசம் யோசிச்சேன்.

மூணாவது ஆளு ஒரு மிலிட்டரி ஆபீசராம். வண்டிய பாக்காமயே வாங்கிக்கிறாராம். அவரு அனுப்புற கியூ.ஆர். கோட நான் ஸ்கேன் பண்ணா பணம் என் அக்கவுண்டுக்கு வந்துருமாம்.

"ஸ்கேன் பண்ணா பணம் போகும் சார், வராது"ன்னு சொல்லி பிளாக் பண்ணிட்டு, ஸ்கிரீன்ஷாட்ட குரூப்புல போட்டேன். சித்தப்பா கைதட்டுற படம் போட்டாரு. அன்னைக்கு நான் தூங்கவே இல்ல, அவ்வளவு பெருமை.

நாலாவதா வந்தவருதான் செல்வம் அண்ணன். மீமிசல்ல மீன் யாவாரம். பின்னாடி பொட்டி கட்டி ஊர் ஊரா போக வண்டி வேணும்னாரு. நல்ல மனுசனாத்தான் பேசுனாரு. இருந்தாலும் நம்ம ரூல்ஸ் ரூல்ஸ்தானே?

"அண்ணே, வீட்டுக்கெல்லாம் வேணாம். பட்டப்பகல்ல, நாலு பேரு நடமாடுற எடத்துல பாப்போம். கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு எதுத்தாப்புல ஒரு டீக்கடை இருக்கு. ஒரிஜினல் லைசென்ஸ், ஆதார் எடுத்துட்டு வந்துருங்க."

"சரி தம்பி. எங்க மெக்கானிக்கு சும்மா இருந்தா அவரையும் கூட்டிட்டு வாரேன்."

"தாராளமா கூட்டிட்டு வாங்கண்ணே."

இன்னைக்குக் காலையில பத்து மணிக்கு டீக்கடை வாசல்ல வண்டிய தொடச்சு நிறுத்திட்டு நின்னேன். பத்தே காலுக்கு அறந்தாங்கி பக்கத்துலேருந்து பஸ்ஸு வந்துச்சு. கூட்டம் எறங்குச்சு. அதுல செல்வம் அண்ணன் கை காட்டிட்டே நடந்து வந்தாரு. பக்கத்துலயே இன்னொருத்தரு வந்தாரு. அம்பத்தஞ்சு வயசு இருக்கும். வெள்ளச் சட்டை, கையில மஞ்சப் பை.

அண்ணன் "தம்பி நீங்கதானா?"ன்னு கேட்டு முடிக்கல, வெள்ளச் சட்டைக்காரரு வண்டிகிட்ட குனிஞ்சுட்டாரு.

"செயின் தொங்குதே."

"இறுக்கிரலாம்ணே"ன்னேன்.

"பின் டயரு தேஞ்சிருக்கு. ஆயில் எப்ப மாத்துனது?"

"போன... போன மாசம்ணே."

அவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. ஆயில மாத்தவே இல்லங்கறது அவருக்கு தெரிஞ்சுபோச்சு. வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கண்ண மூடி சத்தத்தக் கேட்டாரு. சைலன்சர் புகைய உள்ளங்கையில புடிச்சு மோந்து பாத்தாரு. எனக்கு வேர்த்துருச்சு.

மீமிசல்காரரு சாதாரண மெக்கானிக்க கூட்டிட்டு வரல, பெரிய கையைத்தான் கூட்டிட்டு வந்திருக்காரு. இவர கவனிச்சாத்தான் வண்டி போகும்னு முடிவு பண்ணேன்.

"மாஸ்டர், மூணு டீ! அண்ணனுக்கு மட்டும் ரெண்டு பருப்பு வடை. சட்னி நல்லா ஊத்துங்க."

"எதுக்கு தம்பி இதெல்லாம்?"னாரு.

"சும்மா சாப்புடுங்கண்ணே. நீங்க சாப்புட்டா எனக்கு சந்தோசம்."

அவரு முகம் மலர்ந்துருச்சு. சாப்புட்டுட்டே வெல பஞ்சாயத்தையும் ஆரம்பிச்சாரு. என்னைய பாத்து, "தம்பி, நீங்க கொஞ்சம் எறங்கி வாங்க"ன்னாரு. செல்வம் அண்ணன பாத்து, "நீங்களும் கொஞ்சம் ஏறி வாங்க. நல்ல வண்டி, விட்டுறாதீங்க"ன்னாரு. ரெண்டு பேரும் பவ்யமா தலையாட்டுனோம். எவ்வளவு நியாயமான மெக்கானிக்கு பாருன்னு எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு.

கைய தொடச்சுக்கிட்டே எந்திரிச்சாரு.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாமா தம்பி?"

இங்கதான் என் மூள வேல செஞ்சுச்சு. ஓட்டிப் பாக்க குடுக்கறதுக்கு முன்னாடி லைசென்ஸ வாங்கி வைக்கணும், ஒரு ஆள புடிச்சு வைக்கணும். குரூப்புல நானே எழுதுனது. டீ வரும்போதே வாங்குன செல்வம் அண்ணன் லைசென்ஸ் என் சட்டைப் பையில இருக்கு. செல்வம் அண்ணன் என் எதுத்தாப்புல ஒக்காந்திருக்காரு. அப்பறம் வண்டி எங்க போயிரும்?

ரெண்டு கையாலயும் சாவிய எடுத்துக் குடுத்தேன். "அவசரமே இல்லண்ணே. மெதுவா போயிட்டு வாங்க."

மஞ்சப் பைய ஹேண்டில் பார்ல மாட்டிக்கிட்டு போயிட்டாரு.

பத்து நிமிசம் மீன் வெல பத்தி பேசுனோம். அடுத்த பத்து நிமிசம் மழை பத்தி பேசுனோம். அதுக்கப்பறம் ரோட்டையே பாத்தோம்.

செல்வம் அண்ணன்தான் மெதுவா கேட்டாரு. "ஏந்தம்பி, ஒங்க அண்ணன் எங்கிட்டு போனாரு?"

"எந்த அண்ணன்?"

"வண்டி எடுத்துட்டுப் போனாருல்ல, ஒங்க அண்ணன்?"

"அவரு ஒங்க மெக்கானிக்குல்ல?"

"எங்க மெக்கானிக்கு வரலையே தம்பி. அவருக்கு காய்ச்சல்."

சட்டுன்னு எந்திரிச்சேன்.

"பின்ன எதுக்குண்ணே அவரு சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுனீங்க?"

"நீங்க வடை வாங்கிக் குடுத்து கெஞ்சிக்கிட்டு இருந்தீங்க. வீட்டுப் பெரியவரு போலன்னு நானும் மரியாதையா இருந்தேன்!"

டீ மாஸ்டர் எட்டிப் பாத்தாரு. "அந்தாளா? அவரு ஒம்பது மணியிலேருந்து இங்க பஸ்ஸுக்குல்ல நின்னாரு. ஒரு பஸ்ஸு வந்துச்சு, ஓடிப் போயி பாத்தாரு, வேற பஸ்ஸுன்னு திரும்பி வந்தாரு. நீங்க கூப்புட்டு டீ குடுத்தீங்க."

அந்த நேரம் பாத்து போன் அடிச்சுச்சு. கத்தார். வீடியோ கால்! வெள்ளிக்கிழமை, அத்தானுக்கு லீவு.

"மாப்ள, வண்டிய கடைசியா ஒரு தடவ கண்ணுல காட்டுடா."

வேற வழி தெரியல. பக்கத்துல அதே மாதிரி ஒரு கருப்பு வண்டி நின்னுச்சு. அதோட சீட்ட மட்டும் காட்டுனேன்.

"பளபளன்னு வச்சிருக்கியேடா!"ன்னு அத்தான் குரல் தழுதழுத்துச்சு.

அப்பத்தான் மார்க்கெட்டுலேருந்து ஒருத்தரு வந்தாரு. ரெண்டு மூட்டை பூவ பின்னாடி வச்சுக் கட்டுனாரு. ஒதைச்சு ஸ்டார்ட் பண்ணி போயிட்டே இருந்தாரு.

"டேய்! யாருடா அது?"

"வாங்க வந்தவரு அத்தான். ஓட்டிப் பாக்குறாரு."

"மூட்டையோடயா?"

"லோடு வச்சு ஓட்டிப் பாக்கணுமாம் அத்தான்."

"வெவரமான ஆளா இருக்காரே! சரி, லைசென்ஸ வாங்கி வச்சியா?"

"வச்சிருக்கேன் அத்தான்"னேன். அந்தப் பேச்சுல உண்மை அது ஒண்ணுதான்.

போன வச்சதும் எனக்கு அழுகையே வந்துருச்சு. வண்டிக்கு காசு குடுத்துறலாம். அத்தான் மொகத்துல எப்படி முழிக்கறது? அக்கா வாய்க்கு யாரு பதில் சொல்றது?

மாஸ்டரோட மொபட்ட கடன் வாங்கிக்கிட்டு, அவரு போன அறந்தாங்கி ரோட்டுல கெளம்புனோம். நான் ஓட்டுனேன், செல்வம் அண்ணன் பின்னாடி. வண்டி திருடுன கூட்டத்துல நான் ஒரு ஆளோன்னு அவருக்கு சந்தேகம், அவரு ஒரு ஆளோன்னு எனக்கு சந்தேகம். அவரு என் இடுப்ப இறுக்கிப் புடிச்சிருந்தாரு. பாசத்துல இல்ல, நான் எங்கயும் குதிச்சு ஓடிறக் கூடாதுன்னு.

நாலு கிலோமீட்டர் தாண்டுனதும் ரோட்டோரமா வெள்ளச் சட்டை! வண்டிய ஸ்டாண்ட் போட்டுட்டு, எங்களப் பாத்து கை காட்டி நிறுத்துனாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரு கத்துனாரு.

"ஏந்தம்பி, பெட்ரோல் இல்லாத வண்டிய ஓட்டக் குடுப்பீங்களா? நல்ல நேரம் முடியப் போவுது!"

ஒரு உண்மையச் சொல்லிடறேன். விக்கப் போற வண்டிக்கு எதுக்கு இவ்வளவு பெட்ரோலுன்னு நேத்து சாயங்காலம் டியூப் போட்டு உறிஞ்சி என் வண்டிக்கு மாத்திக்கிட்டேன். வாழ்க்கையில நான் பண்ண திருட்டு அது ஒண்ணுதான், அதுதான் இந்த திருட்ட நிறுத்துச்சு.

ஆனா பாருங்க, அவரு திருடனும் இல்ல. திருவரங்குளத்துக்காரரு. தங்கச்சி பேத்திக்கு பக்கத்து ஊர்ல காதுகுத்து. மால வாங்க வந்தவரு, பஸ்ஸு வராம நின்னுருக்காரு.

"வண்டின்னா எனக்கு உசுரு தம்பி. பாத்தா நிக்க முடியாது. ஓட்டிப் பாத்த மாதிரியும் ஆச்சு, மாலைய குடுத்த மாதிரியும் ஆச்சுன்னு கெளம்புனேன்."

"கேக்காம இவ்வளவு தூரம் வரலாமாண்ணே?"

"நீங்கதான தம்பி அவசரமே இல்லன்னீங்க? டீ, வடை, வண்டி எல்லாம் குடுத்து அனுப்புனீங்க. கீரமங்கலத்துல இப்படியும் மனுசங்களான்னு கண்ணு கலங்கிருச்சு எனக்கு."

அவரு நெசமாத்தான் சொன்னாரு. அவருகிட்ட எப்படிச் சண்டை போடறது?

மஞ்சப் பைய தொறந்து காட்டுனாரு. உள்ள சின்னதா ஒரு மல்லிகை மால, வாடிப்போகாம ஈரத் துணியில சுத்தி இருந்துச்சு.

நான் பைக்குல ஏறி ஹேண்டில புடிச்சேன். அவரு பின்னாடி மாலையோட. செல்வம் அண்ணன் மொபட்டுல வந்து ஒரு கால வச்சு எங்கள தள்ளுனாரு. அந்தக் கோலத்துல காதுகுத்து பந்தலுக்கு போயிச் சேந்தோம். நேரத்துக்கு மால விழுந்துச்சு, புள்ள வீல்னு அழுதுச்சு, எங்களுக்கு எலை போட்டாங்க.

பாயசம் வரும்போது செல்வம் அண்ணன் சொன்னாரு. "தம்பி, வண்டிய நான் எடுத்துக்கறேன்."

"எப்படிண்ணே? இவ்வளவு நடந்ததுக்கு அப்பறமுமா?"

"எங்க மெக்கானிக்கு ஒங்ககிட்ட கமிஷன் வாங்கிட்டு நல்ல வண்டிம்பாரு. இவரு ஒங்களுக்கும் ஆளு இல்ல, எனக்கும் ஆளு இல்ல. இவரு நல்ல வண்டிங்கறாரு. இதுக்கு மேல என்ன வேணும்?"

அங்கயே ஒரு பேப்பர் வாங்கி டெலிவரி லெட்டர் எழுதுனோம். தேதி, நேரம், வாங்குறவரு கையெழுத்து எல்லாம் ஆச்சு. சாட்சிக்கு ஆளு வேணுமே? வெள்ளச் சட்டைக்காரரு பேனாவ உருவி "அடைக்கலம்"னு அழகா கையெழுத்து போட்டாரு. அவரு பேரே அப்பத்தான் எங்களுக்குத் தெரியும்.

பணம் அக்கவுண்டுல ஏறிருச்சான்னு ரெண்டு தடவ பாத்துட்டு, லெட்டர போட்டோ எடுத்து அத்தானுக்கு அனுப்புனேன். ஒடனே போன் வந்துச்சு.

"சபாஷ் மாப்ள! சாட்சி கையெழுத்து வரைக்கும் வாங்கிருக்க பாரு, அதான் நீ. ஆமா, யாரு இந்த அடைக்கலம்? நல்லாத் தெரிஞ்ச ஆளுதானே?"

"நல்லாத் தெரியும் அத்தான்"னேன்.

பத்தே கால் மணியிலேருந்து.