கொல்லிமலைச் சர்வதேசம்

உலகத்திலுள்ள சர்வதேசச் சட்ட நிபுணர்கள் அத்தனை பேரையும் தராசில் ஒரு தட்டில் ஏற்றி, எங்கள் 'சர்வதேச'த்தை மறு தட்டில் உட்கார வைத்தால், தட்டு இவர் பக்கம்தான் சாயும். ஆள் கொஞ்சம் கனமும்கூட.

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்த தொகுதியை 'நாடு' என்பார்கள்; அப்படிப்பட்ட பைல் நாட்டில் மிளகு போடும் பழங்குடி விவசாயி அவர். சேலத்துக்குச் சட்டம் படிக்கப் போய் இரண்டே வருடத்தில் திரும்பியவர். வரும்போது சர்வதேசச் சட்டத்திலிருந்து கொண்டுவந்தது இறையாண்மை, தன்னாட்சி என்ற இரண்டு சொற்கள் மட்டும். அன்றிலிருந்து ஊருக்கு அவர் 'சர்வதேசம்'தான்; சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

நான் மலையடிவாரத்தில், சேந்தமங்கலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பதியும் குமாஸ்தா. மாதம் தவறாமல் அவர் மனுவோடு வந்து நிற்பார். 'அனுப்புநர்: பைல் நாடு. பெறுநர்: இந்திய அரசு.' முதல் மனுவைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"ஏனுங்க, தனி நாடு கேக்கறீங்களா? என் வேலைக்கு உலை வெச்சிருவீங்க போல."

"பயப்படாதீங்க சாமி. இறையாண்மை உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும். பிரிஞ்சு போகச் சொல்லலீங்க. எங்க மலையில ஒண்ணு செய்யறதுக்கு முன்னால எங்களைக் கேட்டுட்டுச் செய்யுங்க. சிறுபான்மைக்காரன் சர்வதேசச் சட்டத்துல கேக்கறதே அவ்வளவுதானுங்க."

சொன்னதோடு நிறுத்துகிற ஆளில்லை. பஸ்ஸில் கண்டக்டர் "கொஞ்சம் நகந்து உக்காருங்க" என்றால், எதற்கு, எவ்வளவு தூரம், எந்த ஸ்டாப் வரைக்கும் என்று விசாரித்து, யோசித்து, சம்மதம் தெரிவிப்பதற்குள் பஸ் மூன்று கொண்டை ஊசி வளைவு ஏறியிருக்கும். ஒருநாள் குழம்பில் உப்புக் குறைவு என்று உப்பு ஜாடியில் கை வைத்தாராம். மனைவி மறித்துவிட்டார்: "அடுப்படி தன்னாட்சிப் பகுதிங்க. இறையாண்மைய வேணா நீங்க வெச்சுக்குங்க." இந்தத் தீர்ப்பைப் பெருமையோடு என்னிடம் வந்து சொன்னவரும் அவரேதான்.

போன வருடம் மலையில் ரோடு போடத் திட்டம் வந்தது. வழக்கம்போல யாரையும் கேட்காமலே வரைபடம் தயார். சர்வதேசம் விடவில்லை, மனு மேல் மனு. கடைசியில் பெரிய அதிகாரி ஒருவரே மலையேறி வந்து ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்தார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். "ரோடு வேணுமா, வேண்டாமா? எந்தப் பக்கமாப் போகலாம்? நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார்.

நாடே பேசியது. பிரசவ வலி கண்ட பெண்களைத் தூளி கட்டித் தூக்கிப் போகிற கஷ்டம் தீர ரோடு கட்டாயம் வேண்டும் என்றார்கள். எந்தப் பக்கம்? மேலே பாறை, கீழே ஓடை, நடுவில் சர்வதேசத்தின் மிளகுத் தோட்டம். ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டு, நடுவழியே சரி என்றார்கள்.

சிறுபான்மைக்குள்ளே ஒற்றை ஆள் சிறுபான்மையாகிவிட்டால் என்ன செய்வது? பெரிய சட்டப் புத்தகங்களே முழிக்கிற இடம் அது. அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. "நீங்க மறுத்தா, வேற வழி பாக்கறேன்" என்றார் அவரிடம்.

சர்வதேசம் எழுந்தார். "என்னயத் தனியாக் கேக்காதீங்க சாமி. நாட்டைக் கேட்டீங்க, நாடு சொல்லிருச்சு. எனக்கும் சம்மதமுங்க."

இருபது வருடம் வளர்த்த கொடிகள் ஒரே காலையில் போய்விட்டன. மறுவாரம் நான் போனபோது, மிச்சமிருந்த அவர் காட்டு வேலிக்கு வெளியே ஊரே நின்றிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு மிளகுக் கன்று.

"ஏனுங்க, இதையெல்லாம் உங்க காட்டுல நட்டுக் குடுக்கலாமுங்களா? நீங்க சரின்னாத்தான் உள்ள வருவோம்."

அத்தனை மனு எழுதிய மனுஷன் ஒரு கேள்வியும் கேட்காமல் வேலிப் படலைத் திறந்துவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. கேட்காமலே போய் அவரைக் கட்டிக்கொண்டேன்.