பெரிய மீனைத் தூக்குகிறவர்

திருகோணமலைத் தெருவில் மான்கள் திரிவது உங்களுக்குத் தெரியும். அவற்றோடு இன்னோர் இனமும் திரிகிறது. பெயர் ஊர்காட்டி. மானாவது தன்பாட்டில் புல்லைத் தின்னும். இது விளக்கம் சொல்லும்.

வெளியூர் ஆள் ஒருவர் பஸ்ஸால் இறங்கினால் போதும், ஊர்காட்டிக்கு மூக்கில் வியர்த்துவிடும். கோட்டை வாசலில் நிறுத்தி ஒரு கதை, கோணேசர் கோயில் படியில் மூச்சு வாங்க வாங்க ஒரு கதை, இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவை எட்டிப் பார்க்கவிடாமல் ஒரு கதை, துறைமுகத்தைக் காட்டி, "வெள்ளைக்காரன் இதை விட்டுட்டுப் போகேக்க அழுதவன்" என்று, தானே கண்ணீர் துடைத்துவிட்டதுபோல இன்னொரு கதை. கேட்டுக் களைத்தவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுப்பாரா? மாட்டார்.

கடைசியாகச் சந்தை. அங்கேதான் பக்தி பொங்கும்.

எங்கள் குலசிங்கம் ஐயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். போன ஞாயிறு, கனடாவிலிருந்து வந்த உறவினரோடு மீன் சந்தைக்குள் நுழைந்தார். நேரே மீன் விற்கும் மக்டலினின் பலகைக்குப் போய், இருந்ததிலேயே பெரிய அறுக்குளா மீனை இரண்டு கையாலும் தூக்கினார். எங்கள் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கையில் எடுத்த மீனுக்கு, அவர் கீழே வைக்கும்வரை மற்றவர் விலை கேட்கமாட்டார். நல்ல வழக்கம்தான், ஊர்காட்டி இல்லாத ஊரில்.

"இதுதான் தம்பி எங்கட அடையாளம்! எடும் படத்தை!"

நிலாவெளி ஹோட்டல் ஒன்றுக்கு மீன் எடுக்கும் றம்ஸான், அந்த மீனுக்காகவே பக்கத்தில் காத்து நின்றான். ஐயா சிரித்தார், சாய்ந்தார், மீனை இடப்பக்கம் மாற்றினார், சந்தையின் வரலாற்றைச் சோழர் காலத்திலிருந்து தொடங்கினார். மக்டலினின் அன்றைய பிழைப்பே அந்த மீனில்தான் இருந்தது. பார்த்துக்கொண்டு நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, எடுக்கிறதெண்டா எடுங்கோ, இல்லாட்டி வையுங்கோ. ஆள் நிக்குது" என்றாள் மக்டலின்.

"பிள்ளை, நீரும் வந்து சிரியும். சந்தையை நாங்கள்தானே காப்பாத்தவேணும்!"

"இனி நிக்க ஏலாது அக்கா" என்று றம்ஸான் அடுத்த பலகைக்குப் போய்விட்டான். ஐயா மீனை வைத்துவிட்டு, உறவினரின் லேஞ்சியை வாங்கிக் கை துடைத்தார்.

மக்டலின் அந்த மீனைத் துண்டுபோட்டு, மத்தியானம்வரை கூவி, வந்தவர்கள் கேட்ட விலைக்குக் கொடுத்தாள். ஐயா வீட்டில் அன்று டின் மீன் கறி. அதைச் சாப்பிட்டுக்கொண்டே, "எங்கள் சந்தை, எங்கள் உயிர்" என்று எழுதிப் படத்தை முகநூலில் போட்டார்.

சிரிக்கிறீர்கள். சரி, உங்கள் போனையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஏதோ ஓர் ஊர்ச் சந்தையில், ஏதோ ஒரு பெரிய மீனோடு, பல்லெல்லாம் தெரிய நிற்கிறீர்களே, அந்த மீன் அன்று உங்கள் வீட்டுச் சட்டிக்குத்தான் வந்ததா?