பின்வாங்கத் தெரியாத ஹீரோ

"யாரு இவன்? எங்கே இருக்கான்? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

கண்ணாடிக்கடைக்காரர் போட்ட கூச்சலில், சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவர் கையில் செல்போன் இருந்தது.

"என்னங்க, கடையில ஏதாவது போயிடுச்சா?"

"மானம் போயிடுச்சு!"

ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர் திடீரென்று கதாநாயகன் ஆன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருடைய மைத்துனன் கல்யாண வீடியோ எடுப்பவன். ஒரு சினிமா எடுக்காமல் கண்ணை மூடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டவன். கேமரா இருந்தது, கதை இருந்தது, காசு மட்டும் இல்லை. நடிகருக்குக் கொடுக்கப் பணமில்லாததால் அக்கா புருஷன் ஹீரோ. செட் போடப் பணமில்லாததால் அக்கா வீடு. தம்பியைக் கொன்றவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு வரவழைத்துத் தீர்த்துக்கட்டுகிற அண்ணனின் கதை. ரத்தத்துக்கு பீட்ரூட் சாறு. ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் ஹீரோ தரையைத் துடைப்பார். துடைப்பார், துடைப்பார், துடைத்துக்கொண்டே இருப்பார். படத்தை இழுக்க மைத்துனனுக்கு வேறு வழி தெரியவில்லை.

படம் இணையத்தில் வந்ததும் நம்மவர் சொந்தபந்தம், வாடிக்கையாளர் என்று ஒருவரையும் விடவில்லை. "பார்த்துட்டு மனசுல பட்டதை எழுதுங்க" என்று கெஞ்சினார். எழுதினார்கள். "இசை காதைக் கிழிக்குது." "ஒரே இருட்டு, யாரு யாரைக் கொல்றாங்கன்னு கொலைகாரனுக்கே தெரியாது." "செத்தவர் இருமுறார்." இதெல்லாம் மைத்துனன் தலையில் விடிந்ததால் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டார்.

இன்று வந்தது, 'கடைசி வரிசை' என்ற பெயரில் ஒரு கருத்து. ஒற்றை நட்சத்திரம்.

"கேளு, நீயே கேளு! 'கொலை பண்றதை நம்ப முடியுது. தரை துடைக்கிறதைத்தான் நம்ப முடியல. துடைச்ச ஈரத்துலயே மிதிச்சு மிதிச்சு முன்னாடி போறார். துடைக்கத் தெரிஞ்சவங்க பின்னாடி நகர்ந்துதான் துடைப்பாங்க. பழிவாங்கத் தெரிஞ்ச ஹீரோவுக்குப் பின்வாங்கத் தெரியல. இந்த மனுஷன் மாப்பைத் தொட்டதே இல்ல.' என்ன திமிர் பார்த்தியா?"

"அடப்பாவமே! எத்தனை பேர் ஆமாங்கிறாங்க?"

"ஊர்ல இருக்கிற அத்தனை பொம்பளைங்களும்!"

வெறும் ரோஷமாக இருந்தால் ஒரு காபியோடு ஆறியிருக்கும். ஆனால் அடுத்த படத்துக்குப் பணம் போடுவதாகச் சொல்லியிருந்த பெயிண்ட் கடை முதலாளியும் இதைப் படித்துத் தொலைத்துவிட்டார். "தரை துடைக்கிற மாதிரிகூட நடிக்க வராத ஆளா?" என்று மைத்துனனிடம் இழுத்தாராம். அந்த ஒற்றை நட்சத்திரம் மாற வேண்டும். இல்லாவிட்டால் ஹீரோ மாறுவார்.

"விடமாட்டேன். வீடியோ எடுத்துப் போட்டு நிரூபிக்கிறேன். நம்ம வீட்டு மாப் எங்கே?"

"குளியலறைக் கதவுக்குப் பின்னாடி. கல்யாணமான நாள்ல இருந்து அங்கேதாங்க இருக்கு."

அன்றே கூடம் முழுவதையும் துடைத்தார். பின்பக்கமாகவே நகர்ந்தார். நாற்காலியில் இடித்தார். வாளியில் உட்கார்ந்தார். ஆனாலும் துடைத்தார். மனைவி படம் பிடித்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் 'கடைசி வரிசை' பதில் போட்டது: "கூடத்தை யார் வேணா துடைப்பாங்க. அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கட்டும், அப்பத் தெரியும் நடிப்பு." இரண்டு நட்சத்திரம்.

"பார்த்தியா? பய இறங்கி வர்றான்!"

"விட்டுடாதீங்க," என்றாள் மனைவி.

அவர் விடவில்லை. அடுப்படி பளபளத்தது. குளியலறை, ஜன்னல் கம்பி, மின்விசிறி என்று வீடியோ மேல் வீடியோவாகப் போனது. நட்சத்திரம் மூன்றாயிற்று. கடையில் வாடிக்கையாளருக்கு எழுத்து தெரிகிறதா என்று கேட்பதற்குப் பதில் அழுக்கு தெரிகிறதா என்று கேட்டார். வீட்டுக்கு வந்தால் மாப்பும் கையுமாக நின்றார்.

"காலைத் தூக்கு."

"தூக்கித்தானே வெச்சிருக்கேன்," என்றாள் சோபாவில் சாய்ந்திருந்த மனைவி.

"இந்தக் கடைசி வரிசைக்காரனுக்கு வேலைவெட்டியே இருக்காது போல. எந்நேரமும் போனும் கையுமா உட்கார்ந்திருக்கான்."

"முன்னாடி இருந்திருக்கும்ங்க. இப்பத்தான் குறைஞ்சிருக்கும்."

நான்காவது நட்சத்திரம் ஒரு குறையோடு வந்தது: "எல்லாம் சரி. ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற ஒட்டடையை விட்டுட்டார்."

மூச்சு வாங்க ஃபிரிட்ஜை நகர்த்திப் பார்த்தார். இருந்தது. கம்பளம் மாதிரி இருந்தது.

"அடேயப்பா, என்ன கண்ணுடா! கண்ணாடி விக்கிற என் கண்ணுக்கே படல, எங்கேயோ உட்கார்ந்திருக்கிற இவனுக்கு..."

ஒட்டடைக் கம்பு அந்தரத்தில் நின்றது. எந்த வீடியோவிலும் ஃபிரிட்ஜின் முன்பக்கம்கூட வரவில்லை. மெல்லத் திரும்பினார். மனைவி செல்போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"மனசுல பட்டதை எழுதச் சொன்னீங்களே."

"அதுக்காக? கட்டின புருஷன் பிழைப்புல மண்ணை அள்ளிப் போடுவியா? இது துரோகம்! அநியாயம்! அஞ்சாவது நட்சத்திரத்தைப் போடு. என் கண்ணு முன்னாடி, இப்பவே போடு!"

"அவ்வளவுதானே? போட்டாப் போச்சு."

எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் அவள் இணங்கியபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். மனிதருக்கு ஐந்து நட்சத்திரம் கண்ணை மறைத்தது. அவள் எழுதினாள்: "என் கருத்தை மாத்திக்கிறேன். இவர் என் வீட்டுக்காரர். எங்க வீட்டைத் தினமும் இவர்தான் துடைக்கிறார். அது நடிப்பே இல்ல."

'தினமும்' என்ற சொல் லேசாக உறுத்தியது. அதைப் பற்றிச் சண்டை போடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மைத்துனன் போனில் வந்தான்.

"அத்தான்! முதலாளி சம்மதிச்சுட்டார்! முதல்ல இருந்து கடைசி வரைக்கும் எல்லாக் கருத்தையும் படிச்சாராம். ஆளு அசந்துட்டார்!"

கண்ணாடிக்கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "சொன்னேன்ல? ஆக, நான்தான் ஹீரோ."

"இல்ல அத்தான், அக்காதான் ஹீரோ. குத்துப்பட்டவனுக்கே தெரியாமக் குத்துறாங்களேன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறார். கொலையெல்லாம் அக்கா பார்த்துக்குவா. நீங்க வந்து துடைச்சுட்டுப் போனாப் போதும்."