குரங்குக்கு எட்டாத வயர்

லாசருக்கு மூக்குக்கு மேல் கோபம். போன வாரம் மட்டும் மூன்று முறை அவன் வண்டி வயரைக் குரங்கு கடித்துத் துப்பியிருந்தது. பல் பதிந்த தடம் அப்படியே தெரிந்தது.

அந்த மூன்று நாளும் கிளியூரிலிருந்து எஸ்டேட்டுக்கு நடந்தே போனான், நேரம் பிந்திப்போனது. இன்னொரு நாள் பிந்தினால் காப்பி மூட்டை லாரியில் உன் இடத்துக்குப் பிரபாகரை ஏற்றிவிடுவேன் என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். லாரி வேலை போனால் மறுபடி மண்வெட்டிதான்.

அவன் வண்டி ஹேண்டில்பார் மாட்டுக்கொம்பு மாதிரி உயர்ந்து நிற்கும். சேலத்தில் ஆசைப்பட்டு மாட்டியது. வயரெல்லாம் வெளியே டேப் சுற்றித் தொங்கும். கைப்பிடிப் பக்கம் ஓர் ஓட்டை, நடுவில் ஓர் ஓட்டை இருக்கிறதே, குழாய்க்குள்ளேயே வயரை விட்டு இழுத்துவிட்டால் குரங்கு எதைக் கடிக்கும் என்று மெக்கானிக் ஜோஸ்வா கேட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்தான். வயர் வளைவு வரைக்கும் போய் மடங்கிக்கொண்டது. தள்ளினான், இழுத்தான், குரங்கின் ஏழு தலைமுறையையும் ஏசினான்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்டாட்டி லூர்துசெல்வி தலை நிமிரவில்லை. "ஏனுங்க, வாயில்லாத சீவன். அதைய எதுக்குத் திட்டறீங்க?"

"உனக்கென்ன புள்ள, நடந்து பழகுன காலு."

அவளும் அதே எஸ்டேட்டில்தான் காப்பிப் பழம் பறிக்கிறாள். ஏத்தத்தில் ரெண்டு பேர் உட்கார்ந்தால் வண்டிக்கு ஆயுசு குறையும் என்பது லாசரின் கட்சி.

பாவாடைக்கு நாடா கோக்கிற ஊக்கை அவளிடம் வாங்கி, வயரை அதில் கட்டி உள்ளே விட்டான். துணி என்றால் விரலால் நெருடித் தள்ளலாம். இரும்பை என்ன செய்வது? ஊக்கு வளைவில் வாயைப் பிளந்து கவ்விக்கொண்டது. முன்னாலும் வராது, பின்னாலும் வராது.

வழுக்கி வரட்டும் என்று, அவள் வெயிலில் உருக வைத்திருந்த தேங்காய் எண்ணெயைக் குழாய்க்குள் கவிழ்த்தான். ஊறட்டும் என்று விட்டுவிட்டுப் படுத்தான்.

மார்கழிக் குளிர் சும்மா இருக்குமா? விடிந்து பார்த்தால் எண்ணெய் மெழுகுவர்த்தியாக உறைந்து, ஊக்கையும் வயரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. லாசர் பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்டில்பாரையே கழற்றி அடுப்பில் காட்டினான். எண்ணெய் உருகியது. வயரின் ரப்பரும் உருகியது. சொட்டிய எண்ணெயில் தீ குப்பென்று பிடித்து அவன் மீசையில் பாதியைத் தின்றது.

தலையில்லாத வண்டி வாசலில் நின்றது. ரைட்டரிடம் சாட்சி காட்டக் கருகிய ஹேண்டில்பாரைத் தோளில் போட்டுக்கொண்டு, லூர்துசெல்வியோடும் பக்கத்து வீட்டுக் குப்பாயியோடும் பனிமூட்டத்தில் ஏறினான். பாதி வழிகூடப் போகவில்லை, எதிரே எஸ்டேட் லாரி இறங்கி வந்தது. மூட்டை மேல் பிரபாகர் உட்கார்ந்திருந்தான். கும்பிடு வேறு போட்டான்.

லாசர் ஹேண்டில்பாரை ரோட்டில் ஓங்கி அடித்தான். "அந்தக் கொரங்கு மட்டும் என்ற கையில சிக்கட்டும். வாயிலிருக்கிற பல்லு பூராத்தையும் ஒடச்சுப்போடறேன்."

குப்பாயி லூர்துசெல்வி பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டயா லூர்து? வண்டியில ஏத்திக்கலைன்னா சண்டை போடு, வயரக் கடிக்காதேன்னு அப்பவே சொன்னனல்ல."