இரண்டு நிமிடம் பதினோரு வினாடி

பாபநாசம்,
புரட்டாசி 28

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை வானதியின் வீட்டுக்காரன் வீரையன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், வானதி, மகன் சூர்யபிரகாஷ், புதிதாகக் கன்று போட்ட பசு உட்பட அனைவரும் சௌக்கியம். சிங்கப்பூரில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அவ்வாறே இருப்பீர்களாக. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டீர்கள், ஆகவே தபால். ஒரே நாளில் முப்பத்தெட்டுக் குரல் பதிவு அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கன்று பிறந்த கதையை அதற்குக் குறைவாக எப்படி மச்சான் சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மருமகன் பள்ளிக்கூடத்துக்கே மாணவர் தலைவர் ஆகிவிட்டான்! சித்திரையில் வந்திருந்தபோது, "பையன் நாலு பேரு முன்னாடி வாயே தொறக்க மாட்டேங்குறானே மாப்ள, எப்படிப் பொழைக்கப் போறான்?" என்று பந்தியில் உட்கார்ந்து கேட்டீர்கள். கையில் இருந்த வடை அன்று எனக்கு இறங்கவில்லை. இப்போது சொல்லுங்க பார்ப்போம்!

அது நூற்று எண்பது பையன்கள் படிக்கும் தொடக்கப் பள்ளி. பெண் பிள்ளைகள் கிடையாது, கூச்சலுக்குக் குறைவும் கிடையாது. தலைமையாசிரியை மர்யம் டீச்சர் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார். அடுத்தவனோடு போட்டி போடக் கூடாதாம். நேற்றைய தன்னைத் தானே தாண்ட வேண்டுமாம். ஒருவன் நோட்டில் ஸ்கிப்பிங் பதினேழு, மறுநாள் இருபது. நம்மவன் நோட்டைத் திறந்தேன். 'எல்லார் முன்னாலும் நின்று பேசியது: நான்கு வினாடி.' மறுநாள் ஏழு. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"சரி, யாரைடா ஜெயிச்ச?"

"என்னையத்தாம்பா."

"அப்ப தோத்தது யாரு?"

"அதுவும் நான்தான்."

இந்த நிலையில்தான் தேர்தல் வந்தது, இவன் போய்ப் பெயர் கொடுத்துவிட்டான். எதிரில் நிற்பவனோ ஃபஹத். அந்தப் பையன் மைக் இல்லாமல் பேசினாலே அய்யம்பேட்டை வரை கேட்கும். அடக் கடவுளே என்று ஆகிவிட்டது எனக்கு. இருந்தாலும் நான் கொஞ்சமும் தலையிடவில்லை மச்சான். பள்ளி வாசலில் பத்தடிக்கு எட்டடியில் ஒரே ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தேன், அவ்வளவுதான். நம்மவனுக்குக் கோட்டு சூட்டு, கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு சிங்கம். சிங்கம் சும்மாவே போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்லும்போது வேண்டாம் என்றா சொல்வது? 'டெல்டாவின் விடியலே! மாவட்ட ஓட்டச் சாம்பியனே! நீச்சல் புயலே! ஆங்கிலத்தில் முழங்கும் ஐந்தாம் வகுப்பே!' அப்புறம் வாக்காளர்களுக்குத் தேன்மிட்டாய் கொஞ்சம்.

இரண்டாம் நாள் டீச்சர் கூப்பிட்டார். "சார், இது அஞ்சாங்கிளாஸ் எலக்‌ஷன், எம்எல்ஏ எலக்‌ஷன் இல்ல. தயவுசெஞ்சு அதைக் கழட்டுங்க." கழற்றினேன். வீணாக்கவில்லை. கொள்முதல் நிலையத்தில் நம் குறுவை நெல் முறை வராமல் குவித்துக் கிடந்தது. சாயங்காலம் மழை கொட்டியதும் அதைத்தான் போட்டு மூடினேன். ஒரு நெல்மணிகூட நனையவில்லை. நெல்லோடு காத்துக்கிடந்தவர்கள் எல்லாரும் படித்துவிட்டு, "தம்பி எந்தக் கட்சி?" என்று விசாரித்தார்கள்.

ஃப்ளெக்ஸ் வைத்த அன்றே சூர்யா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். வழக்கமாகவே பேசாத பிள்ளை என்பதால் எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

தேர்தலன்று காலைப் பிரேயரில் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். பையன் மேடை ஏறினான். கையில் கடிகாரத்தோடு கீழே நின்றவன் யார் தெரியுமா? ஃபஹத்! தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தினமும் இவனைப் பேசிப் பழகவிட்டு நேரம் பார்த்தவனே அவன்தானாம். நம்மவன் வாயைத் திறந்தான். நிறுத்தவே இல்லை மச்சான்! பையன்கள் சிரிக்கிறார்கள், விசில் அடிக்கிறார்கள், டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். கடைசியில் ஃபஹத், "ரெண்டு நிமிஷம் பதினோரு செகண்டு! ரெக்கார்டுடா டேய்!" என்று குதித்தான், முதலில் கை தட்டியதும் அவன்தான். நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு நமக்கு. ஃபஹத் துணைத் தலைவர். வேப்பம்பூ கண்ணில் விழுந்துவிட்டது என்று டீச்சரிடம் சொன்னேன். புரட்டாசியில் ஏது சார் வேப்பம்பூ என்று கேட்டார்.

என்ன பேசினான் என்பதைத் தாளில் இடம் போதாததால் எழுதவில்லை.

ஆற்றில் தண்ணீர் வருகிறது, சம்பா நட்டாயிற்று. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாரும் தீர்க்காயுசாக இருந்து, நாளை அவன் எங்கு பேசினாலும் முன்வரிசையில் உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
மாணவர் தலைவரின் தகப்பனார்,
வீரையன்

பி.கு.: சூர்யா இதைப் படித்துவிட்டு, "நான் பேசுனதை எழுதலியேப்பா?" என்று இன்னொரு தாளும் கொடுத்துப் பக்கத்திலேயே நிற்கிறான். எழுதுகிறேன். "வாசல்ல எங்கப்பா வச்ச பேனர்ல இருந்தது எல்லாம் பொய். ஓட்டத்துல நான் கடைசிக்கு முந்தி. நீச்சல் தெரியாது, வாய்க்கால்ல இடுப்பளவு தண்ணியில நிப்பேன். இங்கிலீஷ் ஃபஹத்துக்குத்தான் நல்லா வரும். சிங்கத்தை நான் பாத்ததே இல்ல. மொதல்ல நாலு செகண்டு பேசுனேன், இப்ப இவ்வளவு நேரம் பேசுறேன், அது மட்டும் நெசம். எங்கப்பாவும் கொஞ்சம் கொஞ்சமா சரியாயிடுவாரு, மன்னிச்சிருங்க." அதற்குத்தான் அவ்வளவு விசிலும்.

தலைவரானதும் முதல் வேலையாக எனக்கும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறான். 'அப்பா பெருமை பேசாமல் இருந்தது.' முதல் நாள் நான்கு நிமிடம். நேற்று ஒரு மணி இருபது நிமிடம், ஃபஹத் கடிகாரத்தில் பார்த்தது! இந்த டெல்டாவிலேயே என்னைப்போல் அடக்கமாக இருந்தவன் எவனும் கிடையாது மச்சான். குடும்பக் குழுவில் உடனே இதைப் போடவும்.